தண்ணீரில் ஓடிய வேன்

ஷார்ஜா
8-8-2008

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் செல்வதாஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் நான் பேசுவதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை என்று ஜிஷா சொன்னாள். அதனால்தான் கடிதம்.

ஒரு முக்கியமான விஷயம். போன வெள்ளிக்கிழமை எங்கள் முகாமுக்கு ஒரு திருச்சூர்க்காரர் வந்தார். தன் காரின் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஊறுகாய் ஜாடி அளவில் ஒரு ஜாடி. அதில் தண்ணீர், கொஞ்சம் மருந்து, பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகள். தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழி குமிழியாக எழும்பி, குழாய் வழியாக இன்ஜினுக்குள் போகிறது. பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு மிச்சமாம். குமரி மாவட்டத்துக்கு ஏஜென்சி எனக்கே தருகிறேன் என்கிறார். பெட்ரோல் விற்கும் விலையில் மார்த்தாண்டத்தில் வேன் வைத்திருப்பவன், ஆட்டோ ஓட்டுபவன் எவன் வேண்டாம் என்பான்?

இங்கே எனக்கு இது ஏழாவது வருடம். பெற்ற பிள்ளை ஜெனிலாவை நான் கையில் தூக்கியது ஒரே ஒரு விடுமுறையில்தான்.

ஊருக்கு வருகிற ஆளிடம் ஒரு கிட் கொடுத்துவிடுகிறேன். நம் ஸ்கூல் வேனில் பூட்டி ஓட்டிப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கக் கெமிஸ்ட்ரி நடத்தியவர் நீங்கள். நீங்கள் சரி என்றால் விசாவை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சரியில்லை என்றால் இதைப் பற்றி மறுபடி பேசமாட்டேன். உங்கள் ஒரு சொல் போதும்.

ஜெனிலாவுக்கு முத்தம்.

அன்பு மகன்,
செல்வதாஸ்


புதுக்கடை
2-9-2008

அன்பு மகன் செல்வதாசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், ஜிஷா, ஜெனிலா மூவரும் சுகம். முட்டுவலி மழைக்கு ஏறியும் வெயிலுக்கு இறங்கியும் இருக்கிறது. உனக்கு அங்கே சூடு தாங்க முடிகிறதா?

கிட் வந்து சேர்ந்தது. ஒரு சொல் கேட்டிருந்தாய். எனக்கு அது எப்போதும் கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஹைட்ரஜன் நல்ல எரிபொருள். எரிந்தால் புகையில்லை, நீராவிதான். அதில் ஓடும் கார்களை வெளிநாடுகளில் செய்திருக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் பூமியில் தனியாகக் கிடைப்பதில்லை. வேறொன்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். பிரித்ததை அடைத்துவைக்கக் கனமான சிலிண்டர் வேண்டும். எவ்வளவு சிறிய இடுக்கானாலும் அது கசியும். நமக்கு அடுப்பு சிலிண்டரே பதிவு செய்து காத்திருந்துதான் வருகிறது. ஹைட்ரஜனை எந்தக் கடையில் நிரப்புவது?

இந்த ஜாடி அதிலும் வேறு வகை. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அதாவது அதன் சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை வண்டியின் டைனமோதான் தர வேண்டும். டைனமோவைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினைச் சுற்றுவது பெட்ரோல். ஆகவே மிச்சம் வர வழியில்லை என்று தோன்றுகிறது. ஆனால் நான் படித்ததெல்லாம் பழைய பாடம். ஹைட்ரஜன் சிறிது கலந்தால் பெட்ரோல் இன்னும் நன்றாக எரியக்கூடும் என்கிறார்கள்; அதை நான் மறுக்கத் துணியவில்லை. ஆனால் நம்பவும் துணியவில்லை.

ஆகவே சோதித்தே எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் மார்த்தாண்டம் பெட்ரோல் பங்கில் தொட்டி கழுத்துவரை நிரப்புவோம். வாரம் முழுக்க வழக்கமான ஸ்கூல் ஓட்டம். அடுத்த சனிக்கிழமை மறுபடி கழுத்துவரை நிரப்பினால் எவ்வளவு பிடித்ததோ அதுவே அந்த வாரச் செலவு. முதலில் ஜாடி இல்லாமல் சில வாரம், பிறகு ஜாடியோடு சில வாரம்.

டிரைவர் பேபிக்கு இதில் நம்பிக்கையில்லை. "சாரே, வெள்ளத்துல வண்டி ஓடும்னா குழித்துறை ஆத்துக்குப் பாலம் எதுக்கு? அப்பிடியே எறக்கி ஓட்டிட்டுப் போயிரலாமே" என்றான். ஜிஷா மட்டும் சிரிக்கவில்லை. "அவிய வருவாங்கன்னா ஓடட்டும் மாமா" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, உன் அப்பா,
ஏசுஅடிமை


ஷார்ஜா
19-9-2008

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. எனக்கும் சுகம்தான்.

அப்பா, கோபிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் 'ஆனால்' என்பதை எடுத்துவிட்டால் மிச்சம் காகிதம்தான். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஊர்க்கடிதங்களை உரக்கப் படிப்பது எங்கள் அறையின் பழக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் ததேயுஸ் கேட்டான்: "சார் ஓடும்னு சொல்லுதாரா, ஓடாதுன்னு சொல்லுதாரா?" எல்லோரும் சிரித்தார்கள். திருவட்டாறு ததேயுஸ், உங்கள் பழைய மாணவன். உங்களுக்கு ஸ்தோத்திரம் சொன்னான்.

தத்துவம் வேண்டாம். அளவு வேண்டும். சீக்கிரம் சோதியுங்கள்.

இங்கே வேலை குறைந்துகொண்டு வருகிறது. பாதி கட்டிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. பக்கத்து முகாமில் ஒரு ஆந்திராக்காரர்... அதை எழுத வேண்டாம். ஜிஷாவிடமும் சொல்ல வேண்டாம். எனக்கு வீட்டுக்கு வர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

அன்பு மகன்,
செல்வதாஸ்


புதுக்கடை
10-11-2008

அன்பு மகன் செல்வதாசுக்கு,

நீ சுகமாயிருக்க என் ஜெபம். இங்கே எல்லோரும் சுகம். பதில் தாமதித்ததற்குக் காரணம், முடிவை எழுதக் கை வரவில்லை.

ஜாடி இல்லாத வாரங்களைவிட ஜாடியோடு ஓடிய வாரங்களில் பெட்ரோல் குறைவாகப் பிடிக்கிறது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. முதல் வாரம் நான் நம்பவில்லை. பள்ளிக்கு விடுமுறை இருந்ததா என்று பார்த்தேன், இல்லை. பங்கில் அளவு தவறா என்று வேறு பங்கில் நிரப்பினேன். டயரில் காற்று, பாதை, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றே. இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் அப்படியே.

எனக்கு இது பிடிபடவில்லை. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது பொய்யாக இருக்க முடியாது. கண்ணால் பார்ப்பதும் பொய்யாக இருக்க முடியாது. ஒன்றை விடச் சொன்னால் நான் எதை விடுவது? ஆனால் அளந்ததை எழுதாமல் மறைப்பது எனக்குத் தெரியாத தொழில். ஆகவே எழுதினேன். காரணம் பிடிபடும்வரை நீ எந்த முடிவும் எடுக்காதே.

வீட்டில் ஒரு மாற்றம். ஜிஷா முன்போல் முகம் வாடி இருப்பதில்லை. விடியுமுன் எழுந்து வேனைக்கூட அவளே கழுவிவிடுகிறாள். பேபி, "எனக்க சோலிய அக்கா எடுத்துட்டாவ, எனக்க சம்பளத்த எடுக்காம இருந்தாச் சரி" என்கிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
ஏசுஅடிமை


ஷார்ஜா
28-11-2008

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆயிரம் ஸ்தோத்திரம். எனக்குப் பரம சுகம். நீங்களும் அப்படி இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் நானே நின்று படித்தேன். 'நாலில் ஒரு பங்கு' என்ற இடம் வந்ததும் ததேயுஸ் எழுந்துவிட்டான். "ஏசுஅடிமை சார் எழுதியிருக்காரா? ரெக்கார்டுல ஒரு புள்ளி தப்பினா நோட்டத் திருப்பி எறியுத மனுசனாக்கும். அவரு சொன்னா பின்ன பேச்சே இல்ல" என்றான். காரணம் பிடிபடவில்லை என்ற பகுதியை நான் படிக்கவில்லை. அது உங்கள் சுபாவம் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு எதற்கு?

என்னோடு இன்னும் ஐந்து பேர் சேர்கிறார்கள். எல்லாரும் நம் பக்கத்துப் பையன்கள். மார்த்தாண்டத்தில் கடை, புதுக்கடையிலும் திருவட்டாற்றிலும் கிளை. பிப்ரவரி முடிவில் கம்பெனி ஆள்குறைப்பு செய்யப்போகிறது. அதற்குள் நாங்களாகவே விலகினால் சேர வேண்டியதை உடனே தருவார்கள். அதைத் திருச்சூர்க்காரரிடம் கொடுத்துவிடுவோம். விசா போனால் மறுபடி கிடைக்காது. கிடைக்க வேண்டியதும் இல்லை.

அப்பா, இந்தக் கிறிஸ்துமசுக்கு முடியாது. அடுத்த ஈஸ்டருக்கு நான் வீட்டில்.

அன்பு மகன்,
செல்வதாஸ்


புதுக்கடை
5-1-2009

அன்பு மகன் செல்வதாசுக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதங்கள். நீ சுகம்தானே?

இதை நின்று படிக்காதே, உட்கார்ந்து படி. ஜாடி வேலை செய்யவில்லை.

காரணம் பிடிபடாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் பள்ளி விடுமுறையில் வேனை வீட்டுக்குக் கொண்டுவராமல் மார்த்தாண்டத்தில் பேபியின் மைத்துனனுடைய ஒர்க்‌ஷாப்பிலேயே பூட்டி நிறுத்தினோம். அங்கிருந்தே திருவட்டாறு போய்வந்து, ஜாடியோடும் ஜாடியில்லாமலும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மிச்சமும் இல்லை. ஜாடியோடு ஓடினால் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கிறது. பாடத்தில் உள்ளபடியே.

முன்பு மிச்சம் என்று எழுதினேன், ஆனால் அது என் பிழை. அளந்தது நான். எங்கே தவறினேன் என்று கேட்காதே. என் பிழை என்று எடுத்துக்கொள்.

உன் கூட்டத்தில் இந்தக் கடிதத்தையும் முழுமையாகப் படி. யாரும் விசாவை ரத்து செய்ய வேண்டாம். உன்னைக் கெஞ்சுகிறேன்.

ஜிஷா பிள்ளையோடு அவள் அம்மாவைப் பார்க்கத் திருவட்டாறு போயிருக்கிறாள். சுகமாகவே இருக்கிறாள்.

உடனே பதில் எழுது.

உன் அப்பா,
ஏசுஅடிமை


திருவட்டாறு
19-1-2009

மாமாவுக்கு ஜிஷா எழுதுவது. உங்களுக்குச் சுகமா? ராத்திரிக் கஞ்சிக்கு யார் இருக்கிறார்கள்? பேபியின் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன், தருகிறார்களா?

அன்று நீங்கள் என்னிடம் "வீட்ல நிக்கும்போதுதான் வண்டிக்குப் பெட்ரோல் மிச்சமாகுது மக்களே" என்று மட்டும் சொன்னீர்கள். திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்தான் ஊற்றினேன் மாமா. ஜாடி பூட்டிய வாரங்களில், விடியற்காலையில் வண்டி கழுவும் சாக்கில். ஜங்ஷனில் பெட்டிக்கடையில் குப்பியில் விற்பார்களே, அதை வாங்கி வைத்திருந்தேன். நாலில் ஒரு பங்கு என்று அவர் எழுதியிருந்தார், அவ்வளவுக்கு வந்தால் போதும் என்று ஊற்றினேன். அவர் வந்துவிட்டால் பிறகு ஜாடி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று நினைத்தேன். அவர் ஒருவர் வருவார் என்றுதான் நினைத்தேன். இத்தனை பேர் சேர்வார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். "ஏட்டி, ஈஸ்டருக்கு நான் அங்கயாக்கும்" என்று அவர் சிரித்தார். போனை ஜெனிலாவிடம் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் அவருக்கு எழுதிவிடுங்கள். என்னால் என்று எழுதுங்கள். அவர் என்ன செய்தாலும் சரி.

ஜெனிலா தாத்தா எங்கே என்று கேட்கிறாள்.

உங்கள் மருமகள்,
ஜிஷா


ஷார்ஜா
6-2-2009

அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதம் இங்கே யாருக்கும் ஆச்சரியம் தரவில்லை. ததேயுஸ் சொன்னது இது: "சாருக்கு பேடி வந்துட்டு. பரீட்சை பேப்பர் திருத்தி மார்க்கு போட்ட பொறவும் நாலு வாட்டி கூட்டிப் பாக்குத ஆளாக்கும்." எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மூன்று வாரம் ஒரே மாதிரி வந்த அளவு எப்படிப் பிழையாகும்? எங்கே தவறியது என்று கேட்டால் கேட்காதே என்கிறீர்கள். கேட்கக்கூடாத பிழை என்று கெமிஸ்ட்ரியில் ஒன்று உண்டா?

எனக்கு வயது ஆறு இருக்கும்போது நீங்கள் என்னைக் குளத்தில் இறங்க விடவில்லை, உங்களுக்கு நீச்சல் தெரியாது என்பதற்காக. அதே பயம்தான் இதுவும்.

ஜிஷாவிடம் கேட்டேன். அவள் அழுதாள். அவளையும் பயமுறுத்திவிட்டீர்கள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால்தான் அழுகிறாள். தினமும் அவள் குரலைக் கேட்டுத்தான் நான் தூங்குகிறேன். அது இல்லையென்றால் இந்த மாடியில் நான் எப்போதோ... விடுங்கள்.

ததேயுஸ் அவசரப்பட்டு விலகிவிட்டான், இந்த வாரம் ஊருக்கு வருகிறான். நாங்கள் மற்ற ஐந்து பேரும் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடுகிறோம்.

செல்வதாஸ்


புதுக்கடை
20-2-2009

செல்வதாசுக்கு,

இந்தக் கடிதத்தை மார்த்தாண்டத்திலிருந்து அங்கே விமானத்தில் வரும் ஓர் ஆளின் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலை நம்பவில்லை. நீ சுகமாயிரு.

எங்கே தவறியது என்று கேட்டாய். சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோலை ஊற்றியது நான்.

ஜங்ஷன் பெட்டிக்கடையில் குப்பியில் வாங்கி, விடியற்காலையில், ஜாடி பூட்டிய வாரங்களில் ஊற்றினேன். நாலில் ஒரு பங்கு என்று நீ எழுதியிருந்தாய். அவ்வளவு மிச்சமானதாகக் காட்டும் அளவுக்கு ஊற்றினேன். நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். மற்ற பையன்கள் சேர்வார்கள் என்று நினைக்கவில்லை. ஜிஷாவுக்கு இது தெரியவந்தது. அதனால்தான் அழுகிறாள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் தாய்வீட்டில் இருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் உன்னிடம் சொல்லவில்லை.

ஹைட்ரஜன் ஒருநாள் கார்களை ஓட்டலாம். அதற்குப் பெரிய ஆலைகளும் தடித்த சிலிண்டர்களும் வேண்டும். இந்த ஜாடி எதையும் ஓட்டாது. இன்றைக்கும் ஓட்டாது, என்றைக்கும் ஓட்டாது.

பெட்டிக்கடைக்காரரிடம் யாரையும் அனுப்பி விசாரிக்காதே. எனக்கிருக்கும் வெட்கம் போதும். இதைக் கூட்டத்தில் படி. ஒரு வரியும் விடாமல் படி. என் பெயரைச் சொல்லிப் படி.

ஏசுஅடிமை


ஷார்ஜா
17-4-2009

படித்தேன். ஒரு வரியும் விடாமல் படித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கையெழுத்துப் போடவுமில்லை. கம்பெனி எங்கள் ஐவரையும் சவுதி எல்லைப் பக்கத்து வேலைக்கு மாற்றிவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் விடுமுறை இல்லை.

ததேயுசுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜிஷாவோடு போனில் பேசுகிறேன். அவளை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவளுக்கு விருப்பமிருந்தால் போகட்டும். எனக்கு இனிக் கடிதம் வேண்டாம்.


புதுக்கடை
4-5-2009

அன்பு மகள் ஜிஷாவுக்கு,

மாமா எழுதுவது. நீயும் ஜெனிலாவும் சுகமா? உன் அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? எனக்கு முட்டுவலி பரவாயில்லை. பேபியின் வீட்டிலிருந்து கஞ்சி நேரத்துக்கு வருகிறது.

செல்வதாசின் கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை. அவன் அங்கே வேலையில் இருக்கிறான் என்பது போதும். எனக்கு அவன் எழுதமாட்டான்.

ததேயுஸ் நேற்று வந்தான். விலகிய பணத்தைக் கொடுத்து வாங்கிய கிட் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். திருச்சூர்க்காரர் போனை எடுப்பதில்லையாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்து நின்றேன். "சாரே, நீங்க எழுதினதாக்கும்" என்றான். போகும்போது, "ஒரு புள்ளி தப்பினாலும் நோட்டத் திருப்பி எறிவியளே சாரே" என்றான். பெட்டிகளை முற்றத்திலேயே இறக்கிவைத்துவிட்டுப் போனான். எடுத்துப்போ என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பேபி அந்தப் பெட்டிகளைப் பார்த்து ஏதோ தமாஷ் சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நீ உண்மையைச் சொல்லிவிடப் போவதாகப் பேபியின் மனைவியிடம் சொன்னாயாம். வேண்டாம் மக்களே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் என்மேல் கோபமாக இருக்கிறான். கோபத்தை வைத்துக்கொண்டு ஒருவன் அந்த மணலில் வேலை செய்துவிடலாம். ராத்திரி போன் எடுத்தால் யாரை நம்பிப் பேசுவது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியாது. நான் செத்த பிறகு வேண்டுமானால் சொல். அப்போதும் அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல், போனில் சொல்லாதே.

நான் எழுதியதைச் சரி என்று சொல்லவில்லை. முதல்முறையாக 'ஆனால்' இல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன்; அது பொய்யாக இருந்தது. அதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

நீ வீட்டுக்கு வா. ஜெனிலாவை ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு நாளைக் காலையில் பேபி வேனில் வருவான். ஜாடியைக் கழற்றிவிட்டோம். தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றச் சொன்னேன். எவ்வளவு பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

வழியில் பிள்ளைக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்.

உன் மாமா,
ஏசுஅடிமை